குளலி

டேப்லெட்டில் பழுதான மின்னூலகத்தைச் சரிசெய்து கொண்டுவந்திருந்தான் நவநீதன்.

"எல்லாம் வந்துடுச்சுக்கா. அழிஞ்சுபோனதை மென்பொருளே ஊகிச்சு நிரப்பிடும்."

குழலி டேப்லெட்டைத் திறந்தாள். புத்தக ஓரங்களில் இறந்துபோன கணவர் அவளுக்காக எழுதிவைத்த குறிப்புகள் இருந்தன.

'குழலி, இந்த இடத்தில் அழுதுவிட்டேன்.'

"இது அவர் எழுதினதில்லப்பா. அவருக்கு ழகரமே வராது, எழுதும்போதும் ளகரம்தான். கடைசிவரைக்கும் நான் 'குளலி'தான்."

"நிரப்பும்போது பிழையையும் திருத்தியிருக்கும்க்கா."

"அப்போ இதுல அவரோடது எது, மிஷினோடது எது?"

"அது இனிமே தெரியாதுக்கா. வேணும்னா அந்தப் பிழையைத் திரும்பப் போடச் சொல்றேன்."

அவள் வேண்டாம் என்பதற்குள் தட்டிவிட்டான்.

'குளலி, இந்த இடத்தில் அளுதுவிட்டேன்.'

அச்சு அசல் அவர் எழுதியது மாதிரியே இருந்தது.

குழலி டேப்லெட்டை அவனிடமே தள்ளினாள். "எல்லாத்தையும் அழிச்சுடுப்பா."