தங்க விளிம்புக் கப்புகள்

அவள் காபியைக் குடிக்கவில்லை. கப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைப் பீங்கான். கைப்பிடி இல்லாத சின்னக் கப்பு. விளிம்பைச் சுற்றி மெல்லியதாக ஒரு தங்கக் கோடு.

போன மாதம் இதே கப்பு அவள் வீட்டு மேசையில் இருந்தது.

ஹனீனின் வீட்டில் உட்கார இடமில்லை. நாப்லஸ் நகரத்து மலைச்சரிவில் அந்தத் தெருவின் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஹனீனுக்குத் தொலைபேசிக் கம்பெனியின் உதவித்தொகை கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பார்மசி படிப்பு. முழுக் கட்டணத்தையும் கம்பெனியே கட்டிவிடும்.

அவளுக்கும் பார்மசியில் இடம் கிடைத்திருந்தது. அவளுக்குக் கம்பெனி தருவதாகச் சொன்னது கடன். அதுவும் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்த பிறகு. கடனும் இல்லையென்றால் படிப்பும் இல்லை.

மதிப்பெண்ணில் அவள்தான் மேலே. இவ்வளவு பேரில் ஒருத்தராவது அதைச் சொல்வார்கள் என்று காத்திருந்தாள். ஒருத்தரும் சொல்லவில்லை.

யாரோ குலவையிட்டார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள்தான் எல்லோரையும்விட நீளமாகக் குலவையிட்டாள். இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வயிறு எரிந்தது.

பொறாமை என்றால் பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

ஹனீன் சிரிக்கும்போது அழகாக இருந்தாள். அதுவும் பிடிக்கவில்லை.



போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்கள் வீட்டில் உண்மையிலேயே கஷ்டமா என்று நேரில் பார்ப்பது அவர் வேலை.

கஷ்டம்தான். எல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்வந்த வாப்பாவின் அனுமதி ரத்தாகிவிட்டது. அதன் பிறகு வீட்டோடு இருக்கிறார். கீழ்வீட்டு ஹனீனின் வாப்பாவுக்கும் அதே கதை. அவரும் வீட்டோடுதான் இருக்கிறார்.

ஆனால், வந்த விருந்தாளிக்கு முன்னால் கஷ்டத்தையா எடுத்து வைப்பார்கள்?

உம்மா கடையில் கடன் சொல்லி குனாஃபா இனிப்பு வாங்கினார். பெட்டியின் அடியிலிருந்து நல்ல மேசைவிரிப்பை எடுத்தார். விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி கப்புதான் இல்லை.

"ஹனீன் வீட்டுல கேட்டுட்டு வா" என்றார்.

அவள்தான் ஓடினாள். அவள்தான் கேட்டாள்.

அதிகாரி குனாஃபாவை ரசித்துச் சாப்பிட்டார். ஏலக்காய் போட்ட காபியை இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடித்தார். கையிலிருந்த டேப்லெட்டில் என்னவோ தட்டினார். பிறகு படியிறங்கி ஹனீன் வீட்டுக்குப் போனார்.

அங்கே கப்பு இல்லை. கண்ணாடி டம்ளரில் தேநீர். ஒரு டம்ளரின் விளிம்பு உடைந்திருந்தது. ஹனீனின் உம்மாவுக்கு மானமே போய்விட்டதாம். அன்று மாலையே ஹனீன் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

கேட்டதும் கொடுத்தார்களே. கொஞ்சமும் யோசிக்காமல் கொடுத்தார்களே. அன்றைக்கு அது நல்ல மனசாகத் தெரிந்தது. இப்போது அதுவே உறுத்தியது.

தெரிந்தேதான் கொடுத்தார்களோ?

அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். மறுபடியும் நினைத்தாள்.

கப்பை விரல் நுனியில் பிடித்திருந்தாள். கீழே கல் தரை. கை தவறினால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. கப்போடு கெட்டதும் உடைந்துபோனது என்று சொல்லி இன்னொரு குலவை போடுவார்கள். அவ்வளவுதான்.

ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தாள். கப்பைத் தட்டில் வைத்தாள்.



கூட்டம் கலைந்ததும் ஹனீன் அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கப்புகளைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். பெட்டியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு உங்க வீட்டுக்குக் கடன் ஆபீசர் வர்றாராமே. உங்க உம்மா கப்பு கேட்டாங்க. எடுத்துட்டுப் போ. இது ராசியான கப்பு!"

ஹனீனின் முகத்தில் கள்ளமே இல்லை. அவள் தேடிப் பார்த்தாள். இல்லை.

நாளை வருகிறவர் கஷ்டத்தைப் பார்க்க வருகிறவர் அல்ல. திருப்பிக் கட்ட இந்த வீட்டில் வசதி இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்.

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

மேலே அவள் வீட்டுக்குப் போகும் கல்படிகளை விருந்துக்காகக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் இன்னும் காயவில்லை.

பாதிப் படியில் கால் வழுக்கியது.

பெட்டியை இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஊன்றிக்கொள்ளக் கை இல்லை. முழங்கால் கல்லில் போய் இடித்தது.

மேலே கதவு திறந்தது. உம்மா எட்டிப் பார்த்தார்.

"கப்புக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவள் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து பெட்டியைக் காதோரம் வைத்தாள். மெல்ல அசைத்துப் பார்த்தாள். உள்ளே எதுவும் உடைந்த சத்தம் கேட்கவில்லை.

"ஒண்ணும் ஆகலை உம்மா."

அதற்குப் பிறகுதான் முழங்கால் எரிந்தது.