மாணவர் பெயர்

“வேண்டாம்னு இருபத்தாறு பேர் சார். வேணும்னு இருபத்தஞ்சு,” என்றாள் இலக்கியா டீச்சர்.

தலைமை ஆசிரியர் ரகுநாத் படிவங்களை வாங்கி மறுபடி எண்ணினார். மாறவில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து கோடையில் நீண்ட விடுமுறை கிடையாது, வருடம் முழுவதும் பள்ளி நடக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் லீவு. பள்ளி நிர்வாகம் இப்படி ஒரு யோசனையை அனுப்பி, பெற்றோரின் கருத்தை எழுதி வாங்கச் சொல்லியிருந்தது. சமமாக வந்தால் தலைமை ஆசிரியர் சொல்வதுதான் முடிவு.

கூட்டம் கலைந்துவிட்டது. இரண்டு பேர் மட்டும் போகவில்லை. இறால் கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து ஊர் மருதாயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விசைப்படகு டிரைவர் இருளாண்டி வாசல் பக்கம் நின்றிருந்தார்.

“ஒரு ஓட்டுல போச்சா,” என்றாள் மருதாயி. “லீவு விட்டா எம்பொண்ண வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் சார் வேலைக்குப் போறேன். திரும்பி வார வரைக்கும் உசுரு எங்கிட்ட இல்ல.”

“அங்கிட்டு ஏன் பூட்டி வைக்கிற? இங்கிட்டு அனுப்பு தங்கச்சி,” என்றார் இருளாண்டி. “தடைக்காலத்துல நாங்க இருபது பேர் இங்கதான் கெடக்கோம். டீச்சரும் வருவாங்க.”

“தெரியுமே. வராண்டா பூரா வலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, பின்னுறது பாதி, பேச்சு பாதி. ஒங்க வலைக்குக் காவலா எம்பொண்ணு? லீவுல டீச்சருக்கு இங்க என்ன சோலி?”

இலக்கியா படிவங்களின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

ரகுநாத் கீரனூர்க்காரர். கோட்டைப்பட்டினத்துக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. “வலை பின்ன எடம் போயிரும்னா எதிர்க்கிறீங்க?” என்று கேட்டார்.

“எடத்துக்கு என்ன சார், கடக்கரை கெடக்கு. ஏப்ரல் பதினஞ்சுல இருந்து ரெண்டு மாசம் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அப்பத்தான் பள்ளிக்கூடமும் லீவு. அந்த ரெண்டு மாசத்த விட்டா எனக்கு வேற நாளு கெடையாது.”

“பிள்ளையோட இருக்கணும்ங்கறீங்க. புரியுது. எந்த வகுப்பு?”

“மூணாம் வகுப்பு சார்.”

“அங்கதான் பிரச்சினையே. ரெண்டு மாசம் புத்தகத்தத் தொடாம இருந்தா, ஜூன்ல வரும்போது பாதி மறந்து போயிருது. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு.”

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் பத்து மாசம் விட்டுட்டு வந்தான் சார். மறக்கல.”

“பத்து மாசமா? அப்படி என்ன பண்ணிட்டிருந்தான்?”

“கடல்ல நின்னான். வலைய எறக்கிட்டுச் சும்மா இருக்குற நேரத்துல, படகு நம்பரு, டீசல் டின்னுல உள்ள எழுத்து, எதக் கண்டாலும் வாசிச்சுக்கிட்டே இருந்தான்.”

“படிக்கிற வயசுலயா? யாரு அனுப்புனது?”

இருளாண்டியின் பார்வை படிவக் கட்டுகள் பக்கம் போனது.

ரகுநாத் ‘வேண்டாம்’ கட்டைப் புரட்டி ஒரு படிவத்தை வெளியே எடுத்தார். பெரிய பெரிய எழுத்துகள். கோட்டுக்கு மேலே சில, கீழே சில. “லீவு அப்படியே இருக்கட்டும்” என்று எழுதியிருந்தது.

“இது ஒங்களோடதா? பையன எழுத விட்டுட்டீங்களா?”

இருளாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

“பிழை இல்ல. ஆனா எழுத்து இன்னும் திருந்தணும். வருசம் பூரா பள்ளிக்கூடம் நடந்தா திருந்திரும்.”

“அந்த ரெண்டு மாசத்த மட்டும் விட்டுக் குடுங்க சார். திருந்திரும்.”

மருதாயி சிரித்துவிட்டாள். “லீவு விட்டா எழுத்து திருந்துமாம். நல்ல அப்பன்.”

ரகுநாத் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு அதைத் தனியாக வைத்தார்.

“இது செல்லாதுங்க. மேல ‘மாணவர் பெயர்’னு போட்டிருக்கு. அதுல ஒங்க பேர எழுதியிருக்கீங்க. கீழ ‘பெற்றோர் பெயர்’, அது காலியா இருக்கு.”

“அப்ப ரெண்டு பக்கமும் இருபத்தஞ்சு,” என்று மருதாயி எழுந்து நின்றாள்.

“ஆமா. நான் வேணும்னுதான் எழுதப் போறேன்.” ரகுநாத் பேனா மூடியைக் கழற்றினார். “பிள்ளை பேரச் சொல்லுங்க. திருத்தி எழுதினா எடுத்துக்கிறேன். இல்லாட்டி முடியாது.”

இருளாண்டி மருதாயியை ஒரு தடவை பார்த்தார். பிறகு இலக்கியாவைப் பார்த்தார்.

“யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இருபது பேரும் சத்தியம் வாங்குனீங்களே,” என்றாள் இலக்கியா.

“பரவால்ல. சொல்லிருங்க டீச்சர்.”

இலக்கியா அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டில், வலை நூல் கண்டுகளுக்குக் கீழே இருந்த நீளமான நோட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

“அவரு சரியான எடத்துலதான் சார் எழுதியிருக்காரு.”

அது வருகைப் பதிவேடு. ‘தடைக்கால வகுப்பு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மூன்றாம் வகுப்புப் பாடம்’ என்ற தலைப்புக்குக் கீழே முதல் பெயர்: இருளாண்டி, வயது நாற்பத்தாறு.

ரகுநாத் அந்தப் படிவத்தை ‘வேண்டாம்’ கட்டில் திரும்ப வைத்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, இன்னும் பத்தொன்பது வெற்றுப் படிவங்களை எண்ணி எடுத்தார்.