பட்டியலில் முதல் பெயர்

வான்படையின் வாள்வீரர்களைத் தரம் பிரித்துப் பட்டியல் எழுதுவது அவளுடைய வேலை. புதுப் பட்டியலை எட்டிப் பார்த்ததும், அவள் கணவனோடு வாள் பயின்றவனுக்கு முகம் கறுத்தது.

"என்ன அண்ணி, என்னைப் போய் மூணாவதா எழுதியிருக்கீங்க?"

"உன் இடது வீச்சு இன்னும் தொய்வுதான்."

"முதலிடத்துல இருந்த அண்ணனையே சாய்ச்சவன் நான்."

"ஆட்டம் முடிஞ்சு, அவர் ஒளிவாளை அணைச்சப்புறம் முதுகுல வெட்டினே. அதைத் திறமைன்னு என் கையால எழுத மாட்டேன்."

புருஷனைப் பறிகொடுத்தவளின் வயிற்றெரிச்சல் என்று அவன் சிரித்தான். பேனாவைப் பிடுங்கி, மேலே இருந்த இரண்டு பெயர்களையும் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

"இனி யாரும் மாத்த முடியாதே?"

"முடியாது" என்று முத்திரையைக் குத்தினாள். பிறகு, காலையில் வந்திருந்த கடிதத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

இருட்கிரகத்து நாலு கை அரசன் எழுதியிருந்தான்: 'என்னோடு தனியாக மோத உங்கள் முதல் வீரனை அனுப்புங்கள். இதுவரை ஏழு கிரகங்கள் அனுப்பின. ஏழு தலைகளும் என் வாசலில் இருக்கின்றன.'

அவன் கடிதத்தை அவள் பக்கமே திருப்பித் தள்ளினான். "அண்ணி, நான் மூணாவது ஆளுதான்."

"கப்பல் வாசல்ல நிக்குது தம்பி. கிளம்பு."