கமிஷன் மிச்சம்

"இந்த எடம் உங்களுக்கு வேண்டாமுங்க சார்" என்றார் புரோக்கர் சின்னையன், ஜீப்பை விட்டு இறங்காமலே.

வெங்கடேஷ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தலைச்சோலைக்கு மேலே முக்கால் ஏக்கர் காப்பித் தோட்டம், நடுவில் ஓட்டு வீடு, குனிந்தால் கைக்கு எட்டும் அளவுக்குத் தண்ணீர் நிற்கிற கிணறு. இதைப் போய் வேண்டாம் என்கிறானே!

"ஏன், என்ன குறை?"

"மழை பேஞ்சு இப்ப நெறஞ்சு கெடக்குதுங்க. மாசி பொறந்தா அந்தக் கெணத்துல சொட்டுத் தண்ணி இருக்காது. வர்ற வழியும் பக்கத்து எஸ்டேட்காரருதுங்க. அவுரு நெனச்சா நாளைக்கே கேட்டைச் சாத்திப் போடுவாரு."

பின் சீட்டில் சிவரஞ்சனி கணவரின் முதுகில் மெல்லத் தட்டினாள். "ஓனர் இவருக்குக் கமிஷன் தரமாட்டாரா இருக்கும்."

அது சின்னையன் காதிலும் விழுந்தது. "நெசந்தானுங்க. ஆண்டனி ராஜுக்குப் புரோக்கருன்னாலே ஆகாது. நேரா வர்றவங்களுக்குன்னா வெலையைக் கொறைப்பாரு. நமக்கு எதுக்குங்க அந்த வம்பு? ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன், மஞ்சக்குட்டையில வேற எடம் பாக்கலாம்."

போனவர் திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று. வந்த வழியில் டீக்கடை எதையும் பார்த்ததாக வெங்கடேஷுக்கு நினைவில்லை. அதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமும் இல்லை. அதற்குள் அவர் சற்றுக் கீழே இருந்த ஆண்டனி ராஜ் வீட்டை விசாரித்துப் போய்க் கதவைத் தட்டி, பேசி, கை கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"புரோக்கர் இல்லீன்னா ரெண்டு லட்சம் கொறைச்சுக்கறேனுங்க" என்றிருந்தார் ஆண்டனி ராஜ். "அந்தாளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

மஞ்சக்குட்டை இடத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்லிச் சின்னையனைக் கும்பிடு போட்டு அனுப்பினார்கள்.

மூன்றாவது வாரம் பத்திரம் பதிவாயிற்று. விருப்ப ஓய்வில் வந்த பணம் முழுவதும் அதில் போயிற்று. சிவரஞ்சனியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் மிச்சம். வீட்டை ஒட்டி நாலு அறை கட்டி டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடுவது, இனி அதுதான் பிழைப்பு என்று கணக்கு.

"விரலை நீட்டி எடத்தைக் காட்டறதுக்கு ரெண்டு பர்சென்ட்டாம்! உக்காந்து திங்கற கூட்டம்" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார் வெங்கடேஷ். கையில் ஸ்வீட் பாக்ஸ். சாவியை வாங்கிக்கொள்ள ஆண்டனி ராஜ் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வாசலில் சின்னையனின் ஜீப் நின்றது.

"பாத்தியா, மோப்பம் புடிச்சுட்டு வந்துட்டான். பாவம், அந்த மனுஷன்கிட்ட கமிஷனுக்குச் சண்டை போடறான் போல. நீ இங்கேயே இரு, நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

விறுவிறுவென்று படியேறியவர் கதவருகில் நின்றுவிட்டார். உள்ளே சண்டைச் சத்தம் எதுவும் இல்லை.

ஆண்டனி ராஜ் ஒரு தடித்த கவரை இரண்டு கையாலும் சின்னையனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். "நாலு புரோக்கருங்க ஆகா ஓகோன்னு பேசியும் நாலு வருசமாப் போகாத எடமுங்க இது. எடத்தைப் பத்தி ஒரு பொய் சொல்லாம முடிச்சுட்டீங்களே!"

சின்னையன் கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டார்.

"அடுத்தது எந்த எடத்தைங்க வேண்டாம்னு சொல்லோணும்?"