நூற்று இருபத்தைந்து

"அந்தம்மா எப்பவும் இதே வேகத்துலதான் வேலை செய்வாங்களா?"

கேட்டவர் பம்ப்செட் கம்பெனியின் உற்பத்தி மேலாளர். அவள் எம்பிஏ ப்ராஜெக்ட் செய்தது அங்கேதான். வைவாவுக்காகக் கல்லூரிக்கு வந்திருந்தார். குரலில் சந்தேகம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவள் திரையைப் பார்த்தாள்.

ஒரு மோட்டாருக்குள் கம்பிச்சுருள் இறக்க ஆகும் நேரம்: பதினாறு நிமிடம்.

வேக மதிப்பீடு: நூறு.

இயல்பான வேகத்தில் வேலை செய்பவருக்கு நூறு. விரைந்து செய்தால் நூற்றுக்கு மேல். கடிகாரம் காட்டும் நேரத்தை அந்த எண்ணை வைத்துத்தான் திருத்த வேண்டும். எண் கூடினால் ஒரு மோட்டாருக்கு அனுமதிக்கும் நேரமும் கூடும். ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் தேர்வில் அந்தக் கணக்கைத் தப்பில்லாமல் போட்டது வகுப்பிலேயே அவள் ஒருத்திதான்.

முதலில் அவள் எழுதியது நூறு அல்ல.

நூற்று இருபத்தைந்து. பென்சிலில்.

ஸ்டாப்வாட்சைப் பார்த்தால் தொழிலாளியின் கை தானாக மெதுவாகிவிடும் என்று பாடத்தில் இருந்தது. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவுப் பெண்கள் பாடத்தில் இருந்தபடியே நடந்துகொண்டார்கள்.

"நாடி பாக்கற டாக்டரம்மா வந்தாச்சு. எல்லாரும் படுத்துக்கங்கடி."

மேசைக்கு மேசை சிரிப்பு. அவளுக்குக் காது மடல் சுட்டது. நேரம் குறிக்கும் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றாள். இரண்டு நாள் ஒரு எண்கூட எழுதவில்லை.

மூன்றாம் நாள் தெய்வானை கூப்பிட்டாள். அந்தப் பிரிவிலேயே மூத்தவள்.

"இங்க வா அம்முணி. என்னுதை எழுதிக்க. மார்க்கு வேணுமல்லோ."

பிறகு அந்தக் கைகள்.

காகிதம், செம்புக் கம்பி, மூங்கில் பட்டை. மறுபடி காகிதம். தெய்வானை நிமிரவில்லை. தண்ணீருக்கு எழவில்லை. பக்கத்து மேசைக்காரி பேச்சுக் கொடுத்ததற்கு 'உம்' கொட்டவில்லை. வரிசையாகப் பத்து மோட்டார். பத்தாவது முடிந்ததும் வலது கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"போதுமா? இன்னும் வேணும்னாலும் செய்யறேன்."

எம்பிஏவுக்கு முன் அவள் படித்தது பி.எஸ்சி. இயற்பியல். ஆய்வகத்தில் எத்தனையோ முறை ஊசலின் நேரம் குறித்திருக்கிறாள்.

எந்த ஊசலும் அவளுக்காக வேகமாக ஆடியதில்லை.

நூற்று இருபத்தைந்து என்று போட்டால், ஓய்வையும் சேர்த்து, ஒரு மோட்டாருக்கு இருபத்து நான்கு நிமிடம் வந்தது. நாளுக்கு ஆளுக்கு இருபது மோட்டார். கம்பெனியில் ஏற்கெனவே இருக்கும் இலக்கும் அதுதான்.

ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டிய பேராசிரியர் அறிக்கையை முழுதும் புரட்டாமலே திருப்பிக் கொடுத்தார்.

"இருக்கறது சரியா இருக்குன்னு சொல்றதுக்கு எம்பிஏ எதுக்கும்மா?"

நூறு என்று போட்டால் இருபத்தைந்து மோட்டார் வந்தது.

பென்சில் எழுத்து சுலபமாக அழிந்தது.

வகுப்பில் இன்னும் வேலை கிடைக்காதவர்கள் நான்கு பேர். அவள் அதில் ஒருத்தி. ஐந்து நேர்காணல்களுக்குப் போயிருந்தாள். ஐந்திலும் வாய் எழவில்லை. மேலாளருக்கு இந்த ப்ராஜெக்ட் பிடித்துப்போனால் பயிற்சியாளராக எடுத்துக்கொள்வார்கள் என்று துறையில் பேச்சு.

இலக்கை எட்டாத பெண்கள் அந்தக் கம்பெனியில் மூன்று மாதம் தாண்டுவதில்லை. இதை அவளுக்குச் சொன்னது தெய்வானைதான். இருபதை முடிக்கவே தனக்கு இப்போதெல்லாம் சாயங்காலம் முதுகு விட்டுப்போகிறது என்றும் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மேலாளர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

இப்போதும் சொல்லலாம். இல்லை சார், எனக்காக அன்றைக்கு மட்டும் அப்படிச் செய்தார்கள்.

ஒரு வரி.

"ஆமாங்க சார்" என்றாள்.

இருபது நிமிடமாகத் திக்கிக்கொண்டிருந்த நாக்கு அந்த இரண்டு சொல்லில் திக்கவில்லை.

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மேலாளர் டைரியில் எதையோ குறித்தார். கிளம்பும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"திங்கக்கெழமையே வந்துடும்மா. வைண்டிங்ல புது டார்கெட்டை நீயே சொல்லிடு. நாங்க சொன்னா மொறைப்பாங்க. உங்கிட்டதான் நல்லாப் பழகறாங்களே."

அம்மாவுக்குப் போன் செய்து வேலை கிடைத்ததைச் சொன்னாள். அம்மா அழுதாள்.

திங்கட்கிழமை வைண்டிங் பிரிவின் வாசலில் நின்றாள். கையில் இரண்டாக மடித்த தாள். உள்ளே ஒரே ஒரு எண்.

முதலில் பார்த்தது தெய்வானை. முகம் மலர்ந்தது.

வந்தவள் வாயைத் திறந்து மூடினாள். தாளைப் பிரிக்க விரல் போனது. பிரிக்கவில்லை. தூணைப் பார்த்து ஓர் அடி பின்வாங்கினாள்.

அந்தத் தயக்கத்தைத் தெய்வானை தனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டாள்.

"புள்ள மறுக்கா எழுத வந்திருக்குது" என்றாள், மற்ற மேசைகளின் பக்கம் திரும்பி. "போன தடவை நான் ஒருத்திதான் செஞ்சு காட்டுனேன். இன்னிக்கு நீங்களும் கொஞ்சம் வெரசாச் செய்யுங்கடி. பாவம், வாயில்லாத புள்ள."

யாரோ முனகினார்கள். யாரோ, "சரி, பொழச்சுப் போகட்டும்" என்றார்கள்.

பிறகு ஒவ்வொரு மேசையாகத் தலைகள் குனிந்தன.