சீர்த்தட்டில் இரண்டு ஊசிகள்

ரோஹித்துக்குக் காது குத்தியாகிவிட்டது. கருப்பணசாமி கோயிலே அதிரும்படி கத்திக்கொண்டிருந்தான்.

ஆசாரி ஊசியை வேட்டி நுனியில் துடைத்தார். மேலுக்குக் கொஞ்சம் திருநீறு தடவினார். அத்தோடு சுத்தம் முடிந்தது.

"அடுத்த பிள்ளையக் கூட்டியாங்க" என்றார்.

அடுத்த பிள்ளை இளவேனில். பழனிக்குமாருடைய அக்காள் மகள், ஒன்றரை வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் பழனிக்குமார்தான். ஆனால் அவன் சாமியானாவுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில், தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. அவனுக்கு மட்டும் பேப்பர் கப்.

மடிக்கு வேறு ஆள் பிடித்திருந்தார்கள். யாரோ சின்னம்மா மகன். பிள்ளையின் பெயரையே அன்று காலையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டான். புது வேட்டி கசங்காமல் மாப்பிள்ளை மாதிரி சம்மணம் போட்டிருந்தான்.

பழனிக்குமாருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவன் சாப்பிடும் மாத்திரை டப்பாவை யாரோ எடுத்துப்போய் மெடிக்கலில் காட்டி விசாரித்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த வியாதிகூட அவ்வளவு வேகமாகப் பரவாது.

மடியில் உட்கார்ந்தால் ஒட்டாது. ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டாது. ஒருவர் ரத்தம் பட்ட ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் ஒட்டலாம். மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லிச் சொல்லி அவனுக்கு இது மனப்பாடம். அதனால்தான் சீர்த்தட்டில் தோடு, பட்டுப்பாவாடை, பழம் இவற்றோடு உறை பிரிக்காத இரண்டு ஊசிகளையும் வைத்துக் கொண்டுவந்திருந்தான். பிள்ளைக்கு ஒன்றாக.

அக்காளின் மாமியார் ராமுத்தாய் தோட்டை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டாள். தங்கத்துக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது. ஊசிகளை மட்டும் இரண்டு விரலால் தூக்கிக் கருவேலம் புதருக்குள் வீசினாள். "அவன் தொட்ட ஊசி எம்பேத்திக்கு எதுக்கு?"

ரோஹித்தும் அவள் பேரன்தான், மகள் பவித்ராவின் பிள்ளை. செலவு மிச்சம் என்று ஒரே கிடாவெட்டில் மகன் பிள்ளைக்கும் மகள் பிள்ளைக்கும் சேர்த்தே காதுகுத்து வைத்துவிட்டார்கள்.

பழனிக்குமார் இருந்த இடத்திலிருந்தே அக்காளைக் கூப்பிட்டான். ஊசியை மாற்றச் சொல் என்று சைகை காட்டினான். புவனேஸ்வரிக்குப் புரிந்தது. புரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இளவேனிலைச் சின்னம்மா மகன் மடியில் உட்கார வைத்தார்கள். காது மடலில் மையால் புள்ளி வைத்தபோது கூச்சத்தில் சிரித்தாள்.

பழனிக்குமார் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆசாரியே ஊசியைத் தூக்கி எறிந்துவிடுவார். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. சாமியானாவுக்குள் நின்ற ஒரு முகத்தைப் பார்த்தான். விழுங்கிவிட்டான்.

எழுந்து உள்ளே நடந்தான். கூட்டம் தானாக ஒதுங்கி வழி விட்டது. இந்த வியாதியால் அவனுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

ஆசாரியின் கையிலிருந்து ஊசியை வாங்கினான். தன் கட்டைவிரலில் ஆழமாகக் குத்தினான். ரத்தம் பொட்டு மாதிரி வந்தது.

"இப்பக் குத்துங்க பாப்போம்" என்றான்.

ஆசாரி துள்ளி எழுந்தார். மடி கொடுத்தவன் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினான். புவனேஸ்வரி பாய்ந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள். ஒரு கையால் கோயில் மண்ணை வாரித் தம்பி முகத்தில் எறிந்தாள். கண்ணில் விழுந்தது. மண்ணைவிட அது அக்காள் கை என்பதுதான் எரிந்தது.

பொறாமை என்றார்கள். மடி கிடைக்காத வயிற்றெரிச்சலில் பிள்ளைக்கும் வியாதியைக் கொடுக்கப் பார்த்தான் என்றார்கள். ராமுத்தாய் தலையில் அடித்துக்கொண்டு, டவுனுக்கு வண்டியை விட்டு உறை பிரிக்காத ஊசியாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னாள். காலையிலிருந்து அவன் கேட்டதும் அதைத்தான்.

எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டியவள் பவித்ரா. அவன் கை அழுகிப்போக வேண்டுமென்று சாமி முன்னால் நின்று சாபம் விட்டாள். ஆனால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பழனிக்குமார் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பொறுக்கி, ஊசியை அதில் போட்டு இறுக மூடினான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆத்தூர் ரோட்டைப் பார்த்து நடந்தான்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான்.

பவித்ராவின் இடுப்பில் இருந்த ரோஹித் அழுகையை நிறுத்தியிருந்தான். தெரிந்தவரைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் அவனுக்குக் கை காட்டினான்.

போன மாதம் பெரியாஸ்பத்திரியில், பழனிக்குமார் தன் வியாதிக்கு மாத்திரை வாங்க நின்ற அதே தனி வரிசையில், துப்பட்டாவால் முகத்தை மூடிய அம்மாவின் இடுப்பிலிருந்து இப்படித்தான் கை காட்டினான். அப்போது மருந்து கொடுக்கும் சன்னலில் ரோஹித் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பவித்ரா அன்று போலவே இன்றும் அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.