ஆம்புலன்ஸ் வருதா?

"எங்கேம்மா ஆம்புலன்சு? காட்டு!"

மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு கத்தினான் அய்யப்பன். அவன் பின்னால் இளைஞர்கள் சூழ்ந்து நின்றார்கள்.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த அருள்மொழி திரையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

கச்சிராயபாளையம் ரோட்டில் காலையிலிருந்து மறியல். இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக வந்து ரோட்டை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் மட்டும் வழி விடுவதாகப் போலீசிடம் பேச்சு.

சவுண்ட் சர்வீஸில் வேலை பார்க்கும் அருள்மொழி அதற்காகவே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். ஒலிக்கென்றே இருக்கிற கம்ப்யூட்டர் மொழியில். கூட்டத்துக்கு வெளியே புளியமரத்தில் ஒரு மைக். அதில் சைரன் கேட்டால் ஸ்பீக்கரில் ஓடுகிற பதிவுக் கோஷம் தானாக நிற்கும். "ஆம்புலன்ஸ் வருது, வழி விடுங்க" என்று ஸ்பீக்கர் சொல்லும்.

சற்றுமுன் அப்படித்தான் சொன்னது. கூட்டம் எழுந்து ஒதுங்கியது.

ஆனால், புகுந்து போனது ஆம்புலன்ஸ் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு குட்டியானை லோடு வண்டி. பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி.

அந்த வண்டியைத்தான் முதலில் எல்லார் எதிரிலும் மறித்திருந்தார் மறியல் தலைவர் பூமாலை.

"மேல ஆம்புலன்சு ஏறி வரலீங்க, சாமி" என்று டிரைவர் கும்பிட்டும் அவர் அசையவில்லை. "ஒருத்தனுக்கு வுட்டா எல்லாரும் இதே கதைதான் சொல்லிக்கினு வருவான். திருப்புய்யா" என்று வண்டியைப் புளியமரம் வரை பின்னுக்கு விரட்டிக்கொண்டு போனார்.

இப்போது அய்யப்பன் மேஜையை ஓங்கித் தட்டினான். "நீ வேணும்னே பண்ணிக்கீற. நீ நம்ம ஆளு இல்ல. உன்ன உள்ள வுட்டதே தப்பு!"

"நான் எதையும் தொடலீங்க. அதுவா வந்தது."

"அதுவா வருமா? யார் கிட்ட காது குத்தற?"

சவுண்ட் சர்வீஸ் முதலாளி ஆதிமூலம் அவள் பக்கம் குனிந்தார். "புரோகிராம்ல தப்புன்னு சொல்லிடும்மா. இல்லன்னா பாக்ஸெல்லாம் ஒடச்சிடுவானுங்க."

"தப்பு எங்கன்னே தெரியாம எப்படிண்ணா சொல்றது? கொஞ்சம் பார்க்க வுடுங்க."

புரோகிராமின் உயிர் ஒரே ஒரு மாறி, அதாவது வேரியபிள்தான். 'ஆம்புலன்ஸ் வருதா?' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அதற்கு இரண்டே பதில். பொய் என்றால் கோஷம் ஓடும். உண்மை என்றால் அறிவிப்பு வரும்.

பொய்யாக இருக்க வேண்டியது எப்படி உண்மையாக மாறியது?

காலையில் நிஜமான ஆம்புலன்ஸ் ஒன்று போனதே, அதற்கப்புறம் பொய்க்குத் திரும்பாமல் நின்றுவிட்டதா? பார்த்தாள். திரும்பியிருந்தது. ஒப்பிடும் இடத்தில் போட வேண்டிய இரண்டு சமக்குறியில் ஒன்று விட்டுப்போய்விட்டதா? அதுவும் சரியாகவே இருந்தது.

மைக்கில் விழுந்த சத்தமெல்லாம் லேப்டாப்பில் பதிவாகியிருந்தது. அதையே மறுபடி புரோகிராமுக்குக் கொடுத்து ஓட்டினாள். திரையில் வரிசையாக வந்தது. பொய். பொய். பொய். பொய்.

உண்மை.

திரும்ப ஓட்டினாள். அதே இடத்தில் அதே உண்மை.

சுற்றிலும் கைகள் முறுக்கேறிக்கொண்டிருந்தன.

"இன்னாடா இங்க கூட்டம்?"

பூமாலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அய்யப்பன் எல்லாவற்றையும் கொட்டினான்.

"மெஷின்னா கோளாறு வரத்தான் செய்யும். வுடுங்கடா" என்றார் அவர்.

"எப்படிண்ணா வுடறது? நீங்க மறிச்ச வண்டிய இவ அனுப்பி வச்சிருக்கா. நாளைக்கு உங்க பேச்சுக்கு இன்னா மரியாத?"

பூமாலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அருள்மொழி ஹெட்போனை மாட்டினாள். உண்மை என்று மாறிய அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கேட்டாள்.

அவள் முகம் மாறியது. பின்னால் தள்ளி இன்னொரு தடவை கேட்டாள்.

"இன்னா கேக்குது? குடு, நாங்களும் கேக்கறோம்." அய்யப்பன் ஹெட்போனை இழுக்கக் கையை நீட்டினான்.

அதற்குள் அவள் அந்தப் பதிவை அழித்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க. என் தப்புதான். பொய்னு போட வேண்டிய எடத்துல உண்மைன்னு மாத்தி எழுதிட்டேன்."

"பாத்தீங்களாண்ணா! நான் அப்பவே சொல்லல?"

ஒருவன் ஸ்பீக்கர் பாக்ஸை எட்டி உதைத்தான். இன்னொருவன் லேப்டாப்பைப் பிடுங்கப் பாய்ந்தான். அருள்மொழி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"டேய்!" பூமாலை குறுக்கே வந்து நின்றார். "அதான் ஒத்துக்கிச்சு இல்ல? பொம்பளப் புள்ள மேல கை வைக்கவா இங்க வந்தோம்? போய் உக்காருங்கடா!"

முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். ஆதிமூலம் உதைபட்ட பாக்ஸைப் பார்க்க ஓடினார். ஒலிபெருக்கியில் மறுபடி கோஷம் எழுந்தது.

பூமாலை மட்டும் போகாமல் நின்றார். இங்குமங்கும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நெசமாவே உன் தப்பாம்மா?"

"இல்லண்ணா. புரோகிராம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப... அதுல இன்னாதான் கேட்டுச்சு?"

அருள்மொழி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"செல்போன்ல ஓட்டுன ஒரு ஆம்புலன்ஸ் சைரன். அது கூடவே, 'சீக்கிரம் போயிடு தாயி, போயிடு'ன்னு உங்க குரல்."